இரும்பைப் பிடித்து வைத்த புரதம்

குருதியின் வரலாறு: பகுதி 14

சென்ற பகுதியை எட்வின் கோனின் குளிரறையில் நிறுத்தியிருந்தோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், அவருடைய குழு மனித ரத்தத்தின் பிளாஸ்மாவை எத்தனாலைக் கொண்டு படிப்படியாகப் பிரித்தது. எத்தனாலின் அளவு, வெப்பநிலை, அமிலத்தன்மை, உப்பின் செறிவு, புரதத்தின் செறிவு என ஐந்து கூறுகள். இவற்றில் ஒன்றிரண்டை மாற்றும்போதெல்லாம் ஒரு புரதக் கூட்டம் கரைசலிலிருந்து பிரிந்து அடியில் படியும். முதல் பின்னத்தில் ஃபைப்ரினோஜன் வந்தது. இரண்டாவதில் வந்த காமா குளோபுலின், தட்டம்மையைத் தடுக்கக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. ஐந்தாவதில் வந்த ஆல்புமின், ரத்தம் இழந்த சிப்பாய்களுக்கு ஏற்றப்பட்டது. நான்காவது பின்னத்துக்கு அப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை. ஆல்புமினை எட்டும் வழியில் விலக்கப்பட வேண்டிய படிவு என்ற அளவில்தான் அதற்கு மதிப்பு.

அந்த நான்காம் பின்னத்தில் கிடந்த ஒரு புரதம்தான் இந்தப் பகுதியின் நாயகன். இன்று அதன் பெயர் ட்ரான்ஸ்ஃபெரின். உயிரணு வளர்க்கும் ஆய்வகம் எதற்குள் நுழைந்தாலும் குளிர்பெட்டியில் அதன் குப்பி இருக்கும். உறையவைத்து உலர்த்திய தூள். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மனித பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது என்று மேலே எழுதியிருக்கும். இரண்டு வகையாக விற்பார்கள். இரும்பு நீக்கியது வெள்ளையாக இருக்கும். இரும்பு ஏற்றியது இளஞ்சிவப்பில், சால்மன் மீனின் சதை நிறத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடலாம்.

பள்ளிப் பாடத்தில் இந்தப் புரதத்தை ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்வது என்று படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால் மனித ரத்தத்தில் இதை அடையாளம் கண்டு எடுத்த இருவர், சுமப்பதைத் தேடிப் போகவில்லை. பாக்டீரியாவுக்கு இரும்பு கிடைக்காமல் செய்வது எது என்று தேடித்தான் இதற்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கண்டது பிறகு பல ஆண்டுகள் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தது. அது சரியல்ல என்பது என் திடமான எண்ணம். இந்தப் பகுதியை அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

பச்சை முட்டையின் வெண்கரு

1944. நியூயார்க்கில் ஓவர்லி உயிர்வேதியியல் ஆய்வு அறக்கட்டளை என்ற சிறிய நிறுவனம். ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இருவர் அங்கே பாக்டீரியாக்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வளர்ப்பூடகத்தில் பச்சை முட்டையின் வெண்கருவைக் கலந்தால் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா வளர மறுத்தது. ஷிகெல்லா மட்டுமல்ல. சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ், குடலில் வாழும் ஈ. கோலை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வரை எல்லாமே முடங்கின.

முட்டை வெண்கருவில் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் இருப்பது ஃப்ளெமிங்கின் காலத்திலிருந்தே தெரியும். ஆனால் பாக்டீரியா முதல் ஈஸ்ட் வரை இவ்வளவு வேறுபட்ட உயிர்களை ஒரே பொருள் தடுக்கிறது என்றால், அது அவற்றின் உடலை நேராகத் தாக்குவதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படும் ஏதோ ஒன்றை அது பறித்து வைத்திருக்கலாம். இருவரும் தனிமங்களை ஒவ்வொன்றாக ஊடகத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பைச் சேர்த்தபோதுதான் தடை விலகியது. பாக்டீரியா பழையபடி பெருகத் தொடங்கியது. வெண்கருவில் விஷம் எதுவும் இல்லை. அங்கே இரும்பு இருந்தும் கிடைக்காமல் போயிருந்தது.

அந்த ஆண்டே இது சயின்ஸ் இதழில் வெளியானது. கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் இருந்த அமெரிக்க வேளாண்துறை ஆய்வகம் 1946-இல் அந்த வெண்கருப் பொருள் எது என்று உறுதிசெய்தது: கோனால்புமின். இதில் எனக்குப் பெரிய வியப்பு உண்டு. ஆஸ்போர்னும் கேம்ப்பெலும் கோனால்புமினை 1900-லேயே பிரித்துப் பெயரிட்டிருந்தார்கள். அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பது தெரியவர 46 ஆண்டுகள் ஆயின.

கோழி தன் முட்டைக்குள் வளரும் கருவை இப்படிக் காக்கிறது என்றால், மனித ரத்தத்தில் அதற்கு இணையான ஒன்று இருக்க வேண்டுமே? ஷேடும் கரோலினும் அடுத்துக் கேட்டது இதைத்தான். விடை தேட அவர்களிடம் கோனின் பின்னங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக ஷிகெல்லாவின் மீது சோதித்தார்கள். தடுத்தது நான்காம் பின்னம். இரும்பு சேர்த்தால் அந்தத் தடையும் விலகியது. நிறமற்ற அந்தக் கரைசலில் இரும்பு உப்பைச் சேர்த்தபோது அது இளஞ்சிவப்பாக மாறியது. 1946-இல் அதே சயின்ஸ் இதழில் இதை மனித பிளாஸ்மாவின் இரும்பு பிணைக்கும் கூறு என்று அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அந்தப் பிளாஸ்மா, போருக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய ரத்த தானத் திட்டத்தின் விளைச்சல். போர்க்காலத்தில் அந்தச் சங்கம் 1 கோடியே 30 லட்சம் பைண்டுக்கு மேல் ரத்தம் திரட்டியது. கையை நீட்டிய தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் யாரோ ஒரு சிப்பாய்க்கு என்றுதான் கொடுத்தார்கள். தூய்மையாக்கிய மனிதப் புரதம் என்ற பொருள் ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கொடையின் வழியாகத்தான். விஞ்ஞானிகளின் பெயர்களோடு அவர்களையும் இந்த வரலாற்றில் சேர்த்தே படிக்க வேண்டும்.

லுண்டில் இன்னொரு பாதை

அதே ஆண்டுகளில் ஸ்வீடனின் லுண்டில் வேறு இருவர் வேறு கேள்வியோடு வந்துகொண்டிருந்தார்கள். ரத்தச் சிவப்பணுக்களை முழுவதும் நீக்கிய சீரத்திலும் சிறிது இரும்பு இருப்பது 1920-களிலிருந்து தெரியும். ஜெர்மனியில் லுட்விக் ஹைல்மயரும் ப்ளோட்னரும் அதை அளக்கும் நம்பகமான முறையை உருவாக்கி 1937-இல் நூலாகவே வெளியிட்டிருந்தார்கள். 100 மில்லிலிட்டர் சீரத்தில் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்க, பிளாஸ்மாவில் எந்த நேரத்திலும் இருப்பது 3, 4 மில்லிகிராம்தான்.

கார்ல் குஸ்தாஃப் ஹோம்பெர்க், கார்ல் பெர்டில் லாரெல் இருவரும் 1945-இல் சீரத்தில் இரும்பைக் கூடுதலாகச் சேர்த்து, அது எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்தார்கள். ஓர் எல்லை வரை ஏற்றது. அதற்கு மேல் ஏற்கவில்லை. அந்த எல்லை, ஏற்கெனவே இருந்த இரும்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதாவது இரும்புக்கான இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கிறது, மீதி காலி. ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் அறிக்கையில் டிஐபிசி (மொத்த இரும்புப் பிணைப்புத் திறன்) என்று ஒரு வரியையும், பக்கத்தில் ஒரு விழுக்காட்டையும் பார்த்திருப்பார்கள். இரும்புச்சத்து குறைந்தால் முதல் எண் ஏறும், விழுக்காடு இறங்கும். கர்ப்ப காலத்திலும் முதல் எண் ஏறும். அந்த வரியின் மூலம் லுண்டில் நடந்த இந்த அளவீடு.

1947-இல் ட்ரான்ஸ்ஃபெரின் என்ற பெயரையும் அவர்களே வைத்தார்கள். அதே ஆண்டு லாரெல், உடலில் இரும்பு எப்படிக் கொண்டுசெல்லப்படுகிறது என்பது பற்றிய தம் ஆய்வேட்டை முடித்தார். அவருக்கு வயது 28. இதே மனிதர்தான் 1963-இல் நுரையீரலைப் பாதிக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாட்டையும் கண்டுபிடித்தார். மின்புலப் பிரிப்பில் பட்டைகளைப் பார்த்து நோயைப் படிக்கும் கண் அவருக்கு இருந்தது. ஷேட் 1949-இல் சைடரோஃபிலின் என்று இன்னொரு பெயரை முன்வைத்தார். இரண்டும் சில காலம் புழங்கின. லாரெலின் பெயர் நிலைத்தது. பெயரோடு அவருடைய கேள்வியும் நிலைத்தது. அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் எல்லாரும் இரும்பு எங்கே போகிறது என்று தேடினார்கள். இரும்பு யாருக்குக் கிடைக்காமல் வைக்கப்படுகிறது என்ற கேள்வி ஒதுங்கிக்கொண்டது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

கோனின் குழுவிலேயே இருந்த சர்ஜனரும் கோக்லினும் நான்காம் பின்னத்தை மேலும் பிரித்தார்கள். 1952-இல் கோக்லின் அதைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். 679 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி அது என்பதும், அவற்றின் முழு வரிசையும் 1980-களின் தொடக்கத்தில் தெரிந்தன. மூலக்கூறு நிறை ஏறத்தாழ 80,000. இரண்டு மடல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிளவு, ஒவ்வொரு பிளவிலும் ஓர் இரும்பு அணு. இரண்டு டைரோசின், ஒரு ஹிஸ்டிடின், ஓர் ஆஸ்பார்டிக் அமிலம் என நான்கு இடங்களில் புரதம் இரும்பைப் பிடிக்கிறது. ஆனால் அது போதாது. கூடவே ஒரு கார்பனேட் அயனியும் வந்து உட்கார வேண்டும். கார்பனேட் இல்லையென்றால் பிணைப்பும் இல்லை, நிறமும் இல்லை. இதைச் சுட்டியதும் ஷேட்தான். 1949-இல், கரியமில வாயு இல்லாமல் இந்தச் சேர்க்கை உருவாவதில்லை என்று காட்டினார்.

பிணைந்துவிட்டால் பிடி அசாத்தியமானது. ரத்தத்தின் பிஎச் அளவான 7.4-இல் அதன் பிணைப்பு மாறிலி, ஒன்றுக்குப் பின்னால் இருபது சுழியங்கள் போட்டால் வரும் எண்ணின் அளவில் இருக்கிறது. கட்டற்ற இரும்பு என்று பிளாஸ்மாவில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சவும் கூடாது. கட்டற்ற இரும்பு நடுநிலையான நீரில் துருவாகப் படியும்; அல்லது ஆக்சிஜனோடு சேர்ந்து செல்களைச் சிதைக்கும் வினைகளைத் தூண்டும்.

ஆய்வக மேசையில் இந்தப் பிடியைத் திறந்து மூடுவது அழகான வேலை. இரும்பு நீக்கிய வெள்ளைத் தூளை பைகார்பனேட் கலந்த தாங்கல் கரைசலில் கரைக்க வேண்டும். இரும்புக் குளோரைடை நேரடியாக ஊற்றக் கூடாது. ஊற்றினால் துருத் துகள்கள் புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, நிரம்பிவிட்டது போலக் காட்டும். உண்மையில் பிளவுகள் காலியாகவே இருக்கும். அதனால் இரும்பை நைட்ரிலோ ட்ரை அசிட்டிக் அமிலம் போன்ற ஒரு பிடிப்பானோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அது இரும்பைக் கரைநிலையிலேயே வைத்துப் புரதத்திடம் ஒப்படைக்கும். கரைசல் கண்ணெதிரே சிவக்கும். பிறகு நிறமாலைமானியில் 465 நானோமீட்டரிலும் 280 நானோமீட்டரிலும் ஒளி உறிஞ்சும் அளவைப் பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். 0.046-க்கு அருகில் வந்தால் இரண்டு இருக்கைகளும் நிரம்பின என்று பொருள். கணக்குப்படி ஒரு மில்லிகிராம் புரதம் 1.4 மைக்ரோகிராம் இரும்பை ஏற்கும்.

இரும்பை எடுக்க வேண்டுமானால் சிட்ரேட் கலந்து பிஎச் அளவை 5-க்கு அருகே இறக்கினால் நிறம் மங்கிக்கொண்டே போகும். பிறகு சவ்வுப் பையில் கட்டித் தாங்கல் கரைசலில் ஊறவைத்து, வெளியேறிய இரும்பை அகற்றுவார்கள். இதற்குப் பயன்படுத்தும் கண்ணாடிக் கலங்களை முன்பே அமிலத்தில் கழுவியிருக்க வேண்டும். தண்ணீரிலும் தூசியிலும் இரும்பு எங்கும் இருக்கிறது. காலியான ட்ரான்ஸ்ஃபெரின் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

புரதம் இல்லாத ஒரு சிறுமி

சுமக்கும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை 1961-இல் ஒரு குழந்தையின் நோய் காட்டியது. ஹைல்மயரும் சக மருத்துவர்களும் ஜெர்மனியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். அவளுடைய ரத்தத்தில் ட்ரான்ஸ்ஃபெரின் அறவே இல்லை. கடுமையான ரத்தசோகை, அதே சமயம் கல்லீரலிலும் இதயத்திலும் இரும்பு குவிந்து கிடந்தது. எலும்பு மஜ்ஜை இரும்பில்லாமல் வாட, மற்ற உறுப்புகள் இரும்பால் சிதைந்தன. உடலில் இரும்பு இருப்பது வேறு, அது உரிய இடத்தில் இருப்பது வேறு என்பதை இதைவிடத் துயரமாக எந்த நோயும் சொல்லவில்லை. இந்தக் குறைபாடு மிக அரியது. பின்னால் வந்த நோயாளிகளுக்குப் பிளாஸ்மாவோ பிரித்தெடுத்த ட்ரான்ஸ்ஃபெரினோ ஏற்றிப் பலன் காண முடிந்தது. ஆய்வகப் பொருளாகத் தொடங்கியது சில குழந்தைகளுக்கு மருந்தானது.

செல்லுக்குள் இரும்பு எப்படிப் போகிறது என்ற கேள்வியை ஹார்வர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜாண்டல் எடுத்துக்கொண்டார். கதிரியக்க இரும்பு ஏற்றிய ட்ரான்ஸ்ஃபெரினை இளம் சிவப்பணுக்களோடு கலந்தால் அவை இரும்பை எடுத்துக்கொண்டன. முதிர்ந்த சிவப்பணுக்கள் எடுக்கவில்லை. 1963-இல் அவரும் கேட்ஸும் இரும்புக்கு ஒரு கதிரியக்கக் குறியும் புரதத்துக்கு வேறொரு குறியும் இட்டுப் பார்த்தார்கள். இரும்பு செல்லில் தங்கியது. புரதம் திரும்பி வந்தது. செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடிக்க ஓர் ஏற்பி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

திரும்பி வருவது எப்படி என்பதற்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆலிஸ் டோட்ரி-வர்சா, ஏரன் சீச்சனோவர், ஹார்வி லோடிஷ் மூவரும் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். தேசிய நல்வாழ்வு நிறுவனத்தில் ரிச்சர்ட் கிளவுஸ்னரின் குழுவும் அதே ஆண்டு அதே விடைக்கு வந்தது. இரும்போடு ட்ரான்ஸ்ஃபெரின் ஏற்பியில் ஒட்டும், இரண்டும் சேர்ந்து செல்லுக்குள் ஒரு பைக்குள் அடைபடும், அந்தப் பையின் உட்புறம் அமிலமாகும், இரும்பு கழன்றுவிடும். இங்கேதான் நுட்பம். இரும்பை இழந்த புரதம் அமிலச் சூழலில் ஏற்பியை விடாது. பை மேற்பரப்புக்குத் திரும்பி, வெளியில் இருக்கும் 7.4 பிஎச் அளவைத் தொட்டதும்தான் கைவிட்டு நழுவும். ஒரு சுற்று முடியச் சில நிமிடங்கள் போதும். இரும்பு ஏற்றியதும் நீக்கியதுமான தூய புரதம் தனித்தனியே கையில் இல்லாமல் இந்த ஆய்வை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. செல்கள் வெளிப்பொருளை உள்வாங்கும் முறையைப் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் முதல் எடுத்துக்காட்டு இதுதான். சீச்சனோவர் பின்னாளில் வேறு ஆய்வுக்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1983-இல் இன்னொரு எதிர்பாராத வாசலும் திறந்தது. இளம் சிவப்பணு முதிரும்போது தன் ட்ரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளை என்ன செய்கிறது? செயின்ட் லூயிஸில் ஹார்டிங், ஹியூசர், ஸ்டால் ஆகியோரும், மான்ட்ரியாலில் பான், ரோஸ் ஜான்ஸ்டோன் இருவரும் தனித்தனியே பார்த்தார்கள். செல் அவற்றைச் சிறுசிறு குமிழ்களில் கட்டி வெளியே எறிகிறது. இன்று புற்றுநோய் ஆய்வில் பெரிதாகப் பேசப்படும் எக்சோசோம்கள் அவைதான்.

சீரம் இல்லாமல் செல் வளர்த்தல்

குப்பியில் வரும் ட்ரான்ஸ்ஃபெரின் அதிகம் செலவாவது இந்த வகையான அடிப்படை ஆய்வில் அல்ல, செல் வளர்ப்பில். உடலுக்கு வெளியே செல்களை வளர்க்க வேண்டுமானால் பசுவின் கருவிலிருந்து எடுத்த சீரத்தைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதில் என்னென்ன இருக்கின்றன என்று யாராலும் முழுவதும் சொல்ல முடியாது. ஒரு தொகுப்பைப் போல் இன்னொரு தொகுப்பு இராது. சோதனை பிழைத்தால் பிழை சோதனையிலா சீரத்திலா என்று தெரியாது.

1976-இல் பாசலில் கில்பர்ட்டும் இஸ்கோவும், சான் டியாகோவில் இசுமி ஹயாஷியும் கார்டன் சாட்டோவும் இந்தச் சீரத்தின் இடத்தில் தெரிந்த பொருள்களை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பட்டியலிலும் ட்ரான்ஸ்ஃபெரின் இருந்தது. செல் எந்த வகையானாலும் இரும்பு வேண்டும். அதைக் கெடுதல் இல்லாமல் கொடுக்க ட்ரான்ஸ்ஃபெரின் வேண்டும். இன்சுலின், ட்ரான்ஸ்ஃபெரின், செலினியம் மூன்றையும் கலந்த கரைசல் பின்பு ஆய்வகங்களின் அன்றாடப் பொருளாயிற்று. 1979-இல் ஜேன் பாட்டன்ஸ்டைனும் சாட்டோவும் நரம்புச் செல்களுக்கு வகுத்த கலவையிலும் அது உண்டு. 2011-இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதத் தண்டுச் செல்களுக்கான ஊடகத்தை எட்டே பொருள்களாகச் சுருக்கியபோதும் அதை நீக்க முடியவில்லை.

சாட்டோவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் என்ற ஒரே காரணத்துக்காகப் போர்க்காலத்தில் கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டவர். ஓய்வுக்காலத்தில் எரித்ரியாவின் செங்கடற்கரைக்குப் போய், பஞ்சத்தில் வாடிய மக்களுக்காக வெறும் உப்புக் கரையில் கண்டல் மரங்களை வளர்த்தார். அந்தத் திட்டத்துக்கு மன்சனார் என்றே பெயர் வைத்தார். கடல்நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இரும்பும் போதவில்லை என்று கண்டு, நாற்றுகளின் அருகே உரப்பையோடு இரும்புத் துண்டையும் புதைத்தார். கலத்தில் வளரும் செல்லுக்கு என்ன குறைகிறது என்று தேடிய அதே புத்திதான் அந்தக் கரையிலும் வேலை செய்தது.

1980-களில் எச்ஐவி வந்த பிறகு மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் எந்தப் பொருளுக்கும் ஓர் அச்சம் கூடிவிட்டது. கொடையாளர்களை எச்ஐவிக்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் பரிசோதித்துத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் தொற்று இருக்கக்கூடிய பொருளைப் போலவே கையாளுங்கள் என்று குப்பியோடு வரும் தாள் சொல்லும். ஆய்வுக்கு மட்டும், மனிதர்க்குச் செலுத்த அல்ல என்றும் அச்சிட்டிருக்கும். இதனால் மனித மரபணுவை ஈஸ்டில் வைத்து ட்ரான்ஸ்ஃபெரின் தயாரித்தார்கள். அமெரிக்காவில் நெல்லிலும் தயாரித்தார்கள். அரிசிமணிக்குள் மனித ட்ரான்ஸ்ஃபெரினைச் சேமிக்கும்படி நெல்லை மாற்றி, அதை அரைத்துக் கரைத்துப் பிரித்தெடுக்கும் முறை 2010-இல் வெளியானது. எத்தனாலும் குளிரறையும் தேவைப்பட்ட புரதம் இப்போது வயலில் விளைகிறது.

ஷேடின் கேள்வி திரும்புகிறது

இத்தனை ஆண்டுகளும் ஷிகெல்லாவில் தொடங்கிய அந்தக் கேள்வி என்ன ஆயிற்று? லண்டனில் ஜே. ஜே. புல்லன், 1960-களின் இறுதியில், விலங்குகளுக்கு இரும்பைச் செலுத்தினால் அதுவரை கிருமியைத் தாங்கிய பாதுகாப்பு உடைந்துபோவதைக் காட்டினார். 1975-இல் இந்தியானாவில் யூஜின் வைன்பெர்க், கிருமிக்கு இரும்பைத் தராமல் உடல் காக்கிறது என்ற கருத்தை மருத்துவர்களிடம் எடுத்துச் சென்றார். இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அல்ல. மலேரியா கடுமையாக இருந்த தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த பெரிய ஆய்வு ஒன்றில், இரும்பு பெற்றவர்களிடம் கடும் நோயும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியதால் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2006-இல் அதன் முடிவுகள் வந்த பிறகு மலேரியா உள்ள இடங்களில் குழந்தைகளுக்கு இரும்பு கொடுப்பது பற்றிய வழிகாட்டுதல் மாறியது. மலேரியாக் கிருமி இரும்பைப் பெறும் வழி பாக்டீரியாவின் வழி அல்ல. ஆனால் இரும்பை எப்போது, யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தொற்றோடு பிணைந்தது என்பதை மறக்க முடியாமல் செய்தது இந்த ஆய்வு. இதைப் படித்துவிட்டு நம் ஊர்க் கர்ப்பிணிகள் சுகாதார நிலையத்தில் வாங்கும் இரும்பு மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அவர்களுக்கு அது தேவை, மிகத் தேவை.

பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் தன் மேற்பரப்பில் இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. அவை ட்ரான்ஸ்ஃபெரினைப் பிடித்து இரும்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் மனித ட்ரான்ஸ்ஃபெரினாக இருக்க வேண்டும். எலியினுடையதோ மாட்டினுடையதோ அதற்கு உதவாது. எலியிடம் இந்த நோயை ஆய்வு செய்ய முயன்றவர்கள் இதனால்தான் திணறினார்கள். எலிக்கு மனித ட்ரான்ஸ்ஃபெரினை ஊசி மூலம் செலுத்தியபோது கிருமி பெருகியது. ஷேடும் கரோலினும் எந்தப் பொருள் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று எழுதினார்களோ, அதே பொருளைக் கொடுத்துத்தான் இந்த ஒரு பாக்டீரியாவை வளர்க்க வேண்டியிருந்தது. பூட்டை உடைக்கத் தெரிந்த கிருமிக்குப் பூட்டே களஞ்சியம் ஆகிவிடுகிறது.

2014-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மேத்யூ பார்பரும் நெல்ஸ் எல்டியும் மனிதன், குரங்கு, வாலில்லாக் குரங்கு எனப் பல உயிர்களின் ட்ரான்ஸ்ஃபெரின் மரபணுவை ஒப்பிட்டார்கள். புரதத்தின் பெரும்பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவ்வளவாக மாறவில்லை. சில இடங்கள் மட்டும் வேகமாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த இடங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தால், பாக்டீரியாவின் புரதம் கைவைக்கும் இடங்களாகவே அவை பெரும்பாலும் இருந்தன. கிருமி பிடிக்கும் இடத்தை உடல் மாற்றுகிறது. கிருமி தன் பிடியை மாற்றிக்கொள்கிறது. மறுபடியும் உடல் மாற்றுகிறது.

இந்த இடத்தில் பழைய ஒரு கண்டுபிடிப்புக்கு விளக்கம் கிடைத்தது. 1957-இல் டொரன்டோவில் ஆலிவர் ஸ்மிதிஸ், தாம் உருவாக்கிய ஸ்டார்ச் ஜெல்லில் பலரின் சீரத்தை ஓடவிட்டு, ட்ரான்ஸ்ஃபெரின் மனிதருக்கு மனிதர் சிறிது மாறுபடுவதைக் கண்டிருந்தார். பி, சி, டி என்று எழுத்துகளால் குறித்தார்கள். சி வகைதான் எங்கும் அதிகம். பின்னால் வந்த நுட்பமான முறை அந்த சி வகையையே சி1, சி2 என்று பிரித்தது. மக்கள் இனங்களை ஒப்பிடவும் உறவுமுறை அறியவும் உதவும் அடையாளங்கள் என்ற அளவில் அவை பட்டியலில் கிடந்தன. பார்பரும் எல்டியும் சி2 வகையை ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா என்ற கிருமியின் இரும்பு பிடுங்கும் புரதத்தின் முன் வைத்தார்கள். அந்தப் புரதத்தால் சி2-வைப் பிடிக்க முடியவில்லை. சி1-க்கும் சி2-க்கும் இருந்த வேறுபாடு, 570-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம்.

(தொடரும். அடுத்த பகுதியில்: தாய்ப்பாலின் சிவப்புப் புரதமும், அதன் வடிவத்தை 1987-இல் கண்ட நியூசிலாந்து ஆய்வகமும்.)